இரவோட்டமும் நித்திரையும்: லொறி றைவருக்கு எதை வாங்கிக் குடுக்கலாம்?

வெங்காயச்சாக்கு | 2024 யூன் 3, இரவு 9.40

என்னட்டை ரெண்டு லொறி ஓடுது. ஒண்டு யாழ்ப்பாணம் குருநகர் மீனோடை கொழும்புக்குப் பக்கத்திலை இருக்கிற பேலியகொடை மீன் சந்தைக்கு, மற்றது வெங்காயத்தோடை தம்புள்ளைக்கு. மீன் லொறி றைவர் பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு கண் சொருகுது எண்டு சொல்லுறார். கண்ணைப் பாத்துச் சத்தம் போடுற கமரா, காதிலை கொழுவுற அலாம் எண்டு கனக்க வந்திருக்கு. எது நல்லது? பழைய ஆக்கள், சாயம் கூடின பிளேன்ரீயும் நாலு பாட்டும் இருந்தாக் காணும் எண்டினம். விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

மைல்கல் | யூன் 3, இரவு 11.15

தம்பி, கமராவுக்குக் காசு எடுக்க முதல் ஒரு கடுதாசியிலை மூண்டு நேரத்தை எழுதுங்கோ. றைவர் காலமை எத்தினை மணிக்கு எழும்பினவர், லொறி எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது, பேலியகொடையிலை எத்தினை மணிக்குப் போய் நிண்டது. முதலாளிமார் ரெண்டாவதிலை இருந்து எண்ணுகினம். களைப்பு முதலாவதிலை இருந்து எண்ணுது.

பின்னேரம் 5 மணிக்கு வெளிக்கிட்டா ஏறத்தாழ 400 கிலோமீற்றர், சராசரி 45இலை 9 மணித்தியாலம், விடியப்புறம் 2 மணிக்குச் சந்தை. ஒன்பது மணித்தியால ஓட்டம்தானே எண்டு தோணும். அந்த மனிசன் காலமை 5 மணிக்கு எழும்பி, லொறி கழுவி, ஐஸ் எடுத்து, பெட்டி ஏத்தி நிண்டவர் எண்டா இரவு 10 மணிக்கே 17 மணித்தியாலம் முழிப்பு. அவுஸ்ரேலியாவிலை டோசன், றீட் எண்ட ரெண்டு ஆராய்ச்சிக்காரர் 1997இலை அளந்து காட்டினவை: 17 மணித்தியாலம் முழிச்சிருக்கிற ஆளின்ரை கையும் கண்ணும், இரத்தத்திலை 0.05 வீதம் மதுசாரம் உள்ள ஆளின்ரை மாதிரித்தான் வேலை செய்யும். 24 மணித்தியாலம் எண்டா 0.10 வீதம். 10 மணிக்கு உங்கடை லொறி எங்கை நிக்கும்? அநுராதபுரம் கழிஞ்சு புத்தளம் றோட்டிலை, யானை குறுக்கிடுற துண்டிலை.

நித்திரை எண்டா முழுசா விழ வேண்டியதில்லை. 4 விநாடி கண் மூடினாக் காணும். 60இலை போற லொறி அந்த நேரத்திலை 40 மீற்றர் போயிடும்.

பனிக்காலம் | யூன் 4, காலை 6.20

மைல்கல் அண்ணை, கணக்குப் பிழை. மணிக்கு 60 எண்டா விநாடிக்கு 16.7 மீற்றர். 4 விநாடிக்கு 67 மீற்றர்.

மைல்கல் | யூன் 4, காலை 7.00

சரி. 67தான். பிழையா எழுதினதை அப்பிடியே விடுறன், திருத்தம் கீழை நிக்கட்டும். 40 எண்டு நினைச்சுக்கொண்டு ஒருத்தரும் றோட்டுக்கு வரக்கூடாது.

மைல்கல் | யூன் 4, இரவு 8.30

பிளேன்ரீ பற்றி. வேலை செய்யும், ஆனா குடிச்ச உடனை இல்லை. கபீன், அதாவது தேத்தண்ணி கோப்பியிலை இருக்கிற உசுப்புற சாமான், உடம்பிலை ஏற 20 தொடக்கம் 30 நிமிசம் எடுக்கும். கடையிலை குடிச்சுப்போட்டு உடனை ஏறி ஓடுற அந்த முதல் 20 நிமிசத்திலைதான் மோசமான ஏமாற்றம். குடிச்சாச்சு எண்ட துணிவு இருக்கும், மருந்து இன்னும் ஏறியிராது.

அதாலை முறை இதுதான். நிப்பாட்டு. பிளேன்ரீயோ கோப்பியோ கெதியாக் குடி. உடனை படு. 15 நிமிசம், கூடினா 20. எழும்பேக்கை கபீன் ஏறியிருக்கும், நித்திரையும் கொஞ்சம் கிடைச்சிருக்கும். இங்கிலாந்திலை லஃப்பரோ பல்கலைக்கழகத்திலை றெய்னர், ஹோர்ன் எண்ட ஆராய்ச்சிக்காரர், வாகனம் ஓடுற மாதிரிக் காட்டுற பொறியிலை ஆக்களை இருத்திச் சோதிச்சது இந்தச் சேர்மானத்தைத்தான். ரெண்டும் சேந்தது தனித்தனியை விட நல்லா நிண்டது. அவை குடுத்த கபீன் 150 மில்லிகிறாம். எங்கடை பிளேன்ரீ ஒரு கோப்பையிலை 30 தொடக்கம் 50தான் வரும், அப்ப ஒரு கோப்பை காணாது. குறைஞ்சது ரெண்டு கோப்பை, இல்லாட்டி வடிவாப் போட்ட கோப்பி ஒண்டு.

20 நிமிசத்துக்கு மேலை போகவிடக் கூடாது. 40, 50 நிமிசத்திலை எழுப்பினா ஆழ்ந்த நித்திரையிலை இருந்து இழுத்து எடுக்கிற மாதிரி. தலை பாரமா, கை சொல்வழி கேக்காம, அரை மணித்தியாலம் வரை அந்த மயக்கம் நிக்கும். நேரம் இருந்தா ஒண்டரை மணித்தியாலம் விடுங்கோ, ஒரு முழுச் சுத்து முடியும். இடைப்பட்டதுதான் கூடாது. எதெண்டாலும் எழும்பின உடனை திறப்பைத் திருப்பாம, இறங்கி முகம் கழுவி, லொறியை ஒருக்காச் சுத்தி நடந்து, ரயரிலை தட்டி, படங்குக் கயிறைப் பாத்து, 10 நிமிசம் கழிச்சு ஏறவேணும்.

பாட்டு, யன்னல் காத்து, முகத்திலை தண்ணி இதெல்லாம் சில நிமிசத்துக்குத்தான். நிப்பாட்ட நல்ல இடம் வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டும் பாவியுங்கோ. அதை நம்பிப் புத்தளத்திலை இருந்து சிலாபம் போக ஏலாது.

சில்லுக்கட்டை | யூன் 5, காலை 10.10

வெத்திலை பாக்கு? கனபேர் அதிலைதான் ஓடுகினம்.

மைல்கல் | யூன் 5, மத்தியானம் 12.45

பாக்கிலை இருக்கிற அரெக்கொலின் கொஞ்ச நேரம் உசுப்பும், அது உண்மை. அதே பாக்குத்தான் வாய்ப்புற்றுக்கும் காரணம், அதுவும் உண்மை. நித்திரைக்கு மாற்றா நாளுக்குப் பத்துத் தரம் போடுற சாமான் இல்லை. வாய் அசையிறதுதான் உதவுது எண்டா வழியிலை முறிகண்டிக் கச்சான் கடலை இருக்கே. அங்கை பிள்ளையாருக்கு எல்லா வாகனமும் நிக்கும், தேங்காய் உடைச்சு, கால் நீட்டி, கச்சான் வாங்கி ஏறுவினம். நிப்பாட்ட வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லாமலே நடக்கிற பத்து நிமிச ஓய்வு அது. சில முதலாளிமார் உதையும் வெட்டச் சொல்லுகினம். வெட்டாதேங்கோ.

நித்திரை வராமல் இருக்க எண்டு கைமாறுற குளிசை எதையும் தொட வேண்டாம். அது நித்திரைக் கடனை அடைக்கிறதில்லை, ஒளிச்சு வைக்கும். மருந்து இறங்கேக்கை முழுக்கடனும் ஒரேயடியா வரும்.

வெள்ளைப்பெட்டி | யூன் 6, இரவு 7.15

மருந்துப் பக்கத்திலை இருந்து மூண்டு விசயம்.

தடிமனுக்கு எல்லாரும் கடையிலை கேட்டு வாங்கிற பிரிற்றன், அதாவது குளோர்பெனிரமின், நித்திரை தூக்கும். காலமை போட்டது பின்னேரமும் உடம்பிலை நிக்கும். இருமல் பாணி சிலதிலும் அதே சாமான் இருக்கு. ஓட்டம் இருக்கிறவர் மருந்து கேக்கேக்கை, லொறி ஓடுறன் எண்டு சொல்லி வாங்கவேணும். நித்திரை குறைஞ்ச மாற்று மருந்து இருக்கு.

ரெண்டாவது சலரோகம். இன்சுலினோ கிளிபென்கிளமைட் எண்ட குளிசையோ எடுத்துப்போட்டு, சந்தைக்குப் பிந்துது எண்டு சாப்பிடாம ஓடினா இரத்தத்திலை சீனி இறங்கும். வேர்வை, நடுக்கம், கண் மங்கல், குழப்பம். பாக்கிறவைக்கு நித்திரை மாதிரித்தான் தெரியும். படுத்தா மாறாது, இன்னும் மோசமாகும். றைவர் இருக்கிற கபினிலை குளுக்கோஸ் தூள் இல்லாட்டிச் சீனிப்பக்கெற் ஒண்டு எப்பவும் இருக்கவேணும். சீனி எடுத்து 15 நிமிசம் பொறுத்துத் திரும்பப் பாக்கிறது.

மூண்டாவது குறட்டை. கழுத்து 17 அங்குலத்துக்கு மேலை, பெரிய குறட்டை, இடைக்கிடை மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்புறது, காலமை தலையிடி, இப்பிடி இருக்கிற ஆள் 8 மணித்தியாலம் படுத்தாலும் களைப்போடைதான் எழும்புவார். அவருக்கு நீங்கள் எவ்வளவு ஓய்வு குடுத்தும் பிரயோசனம் இல்லை, மூச்சு நிக்கிறதுக்கு வைத்தியம் பாக்கவேணும். குறட்டையை அவரிட்டைக் கேக்காதேங்கோ, மனுசியிட்டைக் கேளுங்கோ.

பனிக்காலம் | யூன் 8, காலை 5.50

கனடாவிலை எங்களுக்கு ஒரு நாளிலை ஓட்டம் 13 மணித்தியாலம், வேலை 14 மணித்தியாலம். 10 மணித்தியாலம் வேலையில்லாமல் இருக்கவேணும், அதிலை 8 தொடர்ச்சியா. ஓடின நேரத்தைப் பதியிற பெட்டி ஒண்டு எஞ்சினோடை கொழுவியிருக்கு, அதிலை பொய் எழுதிறது கஷ்ரம். சாமான் ஏத்துறதும் ஏத்தக் காத்துக்கொண்டு நிக்கிறதும் அந்த 14க்குள்ளை வரும்.

மைல்கல் | யூன் 8, இரவு 9.20

கடைசி வரியை எல்லாரும் ரெண்டாந்தரம் வாசியுங்கோ. ஏத்துறதும் வேலைதான். எங்கடை பக்கத்திலை அதுதான் கணக்கிலை வாறதில்லை.

ஐரோப்பாவிலை இன்னொரு அளவு: நாலரை மணித்தியாலம் ஓடினா 45 நிமிசம் நிக்கவேணும், நாளுக்கு 9 மணித்தியால ஓட்டம், வாரத்திலை ரெண்டு நாள் மட்டும் 10. இதை எங்கடை றோட்டிலை வைச்சுப் பாத்தா அழகாப் பொருந்துது. 5 மணிக்கு வெளிக்கிட்ட லொறி ஒன்பதரைக்கு அநுராதபுரம். வெளிச்சம், கடை, பெற்றோல் செற், ஆள் நடமாட்டம் எல்லாம் அங்கை இருக்கு. அதுக்குப் பிறகு வாற துண்டுதான் இருட்டு. 45 நிமிசத்தை அங்கை போடுங்கோ: சாப்பாடு 15, கோப்பியும் நித்திரையும் 20, நடை 10. கொத்து வேண்டாம். இடியப்பம், பாண், வாழைப்பழம், தண்ணி. மூத்திரத்துக்கு நிப்பாட்ட வேணும் எண்டு தண்ணியைக் குறைக்கிற பழக்கம் கனபேருக்கு. தண்ணி குறைஞ்சாலே தலை மந்தமாகும்.

மைல்கல் | யூன் 9, காலை 8.00

நேற்று எழுதினதிலை ஒரு குறை. நாலரை மணித்தியாலம் எண்டது நல்லாப் படுத்து எழும்பின ஆளுக்கு. இரவுக்கு அதையே வைக்கக் கூடாது. உடம்பின்ரை கடிகாரம் விடியப்புறம் 2 தொடக்கம் 6 வரை இறங்கும், மத்தியானம் 1 தொடக்கம் 4 வரை சின்னதா இன்னொருக்கா இறங்கும். நடுச்சாமத்துக்குப் பிறகு எண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கவேணும்.

அந்த மத்தியானத் தாழ்வை எதிரியாப் பாக்காம வேலைக்கு எடுக்கலாம். 5 மணிக்கு வெளிக்கிடுற றைவர் 2 மணிக்குப் படுத்தா உடம்பு தானாய் ஒத்துழைக்கும். ரெண்டு மணித்தியாலம் கிடைச்சாலே இரவு 10 மணிக்கு அவர் வேறை ஆள். அதுக்கு ஒரே நிபந்தனை: பெட்டி ஏத்துறது வேறை ஆக்கள். றைவர் நாலரைக்கு வந்து பாரம் சரியா ஒதுங்கியிருக்கோ, கயிறு, ரயர், பிறேக், லைற் பாத்து ஏறினாக் காணும். ஏத்துக்கூலியாக ரெண்டு பேருக்குக் குடுக்கிற காசைக் கமரா விலையோடை வைச்சுப் பாருங்கோ தம்பி. உங்கடை முதல் கேள்விக்கு என்ரை மறுமொழி இதுதான்.

வெங்காயச்சாக்கு | யூன் 10, இரவு 10.30

அண்ணை, ஏத்துக்கூலி விளங்குது. ஆனா வழியிலை 45 நிமிசம் நிண்டா மீன்? சந்தைக்குப் பிந்தினா விலையும் விழும்.

மைல்கல் | யூன் 11, காலை 6.40

மீன் பழுதாகிறது நிண்டதாலை இல்லை, ஐஸ் குறைஞ்சதாலை. எங்கடை வெக்கைக்கு மீன் ஒரு கிலோ எண்டா ஐஸ் ஒரு கிலோ. கட்டியாப் போடாமல் நொருக்கி, அடியிலை ஒரு படை, மீன், ஐஸ், மீன், மேலை தடிப்பா ஒரு படை. உருகின தண்ணி வடிய ஓட்டை திறந்திருக்கவேணும், தேங்கின தண்ணியிலை கிடக்கிற மீன்தான் முதல் மணக்கும். இப்பிடி ஏத்தின பெட்டிக்கு 45 நிமிசம் ஒண்டுமில்லை.

விலைக்கு வழி 45 நிமிசம் முந்தி வெளிக்கிடுறது. அது ஏலாது எண்டா, ஏன் ஏலாது எண்டு பாருங்கோ. கூடுதலா ஏத்துற இடத்திலைதான் அந்த நேரம் போகும்: ஐஸ் வரப் பிந்தும், தராசு ஒண்டுதான் இருக்கும், கணக்குப் பிள்ளை வரேல்லை. கரையிலை தொலைச்ச நேரத்தைப் புத்தளம் றோட்டிலை றைவரின்ரை கண்ணிலை பிடிக்கப் பாக்கிறம்.

மைல்கல் | யூன் 16, பின்னேரம் 4.10

கபின். முன்மூக்கு இல்லாத சின்ன லொறியளிலை எஞ்சின் சீற்றுக்குக் கீழை. மூடியின்ரை வெக்கைத் தடுப்பு கிழிஞ்சா சூடு நேரே காலுக்கு வரும், வெக்கை நித்திரையைத் தூக்கும். கியர் தடியடியிலை இருக்கிற றப்பர் வெடிச்சிருந்தா வெக்கையோடை புகையும் வரும். ஒரு லொறியிலை ஏறினா மட்டும் தலையிடியும் நித்திரையும், மற்றதிலை இல்லை எண்டு றைவர் சொன்னா அவரைச் சந்தேகிக்க முதல் சைலன்சர் பூட்டையும் தரை ஓட்டையளையும் பாருங்கோ. கபின் மூடி எஞ்சினை ஓடவிட்டு ஏசியிலை படுக்கிறதை அடியோடை நிப்பாட்டவேணும். புகை உள்ளை வந்தா எழும்பவே மாட்டினம்.

படுக்க: சீற்றுக்கு மேலை குறுக்கை ஒரு பிளைவூட் பலகை, கியர் தடிக்கும் கைப்பிறேக்குக்கும் இடம் வெட்டி, மேலை ரெண்டு அங்குல ஸ்பொஞ். பகலிலை சீற்றுக்குப் பின்னாலை செருகலாம். யன்னலுக்கு நுளம்புவலை, கண்ணுக்குக் கறுப்புத் துணி. நிப்பாட்டுறது றோட்டுக் கரையிலை வேண்டாம், பின்னாலை வாற மற்ற நித்திரைக்காரன் லைற்றைப் பாத்து நேரே வருவான். பெற்றோல் செற் வளவு, கோயில் வீதி, கடை முத்தம்.

சூரியன் ஒரு சின்ன விசயம், ஆனா ஒருத்தரும் சொல்லுறதில்லை. பின்னேரம் தெற்கை போகேக்கை வெய்யில் மேற்கிலை, வலப்பக்கம். காலமை வடக்கை வரேக்கை வெய்யில் கிழக்கிலை, அதுவும் வலப்பக்கம். எங்கடை றைவர் இருக்கிறதும் வலப்பக்கம். போகேக்கையும் வரேக்கையும் வெய்யில் அவருக்குத்தான். பக்க யன்னலுக்கு ஒரு மறைப்பும் கண்ணுக்குப் போட நல்ல வெய்யில் கண்ணாடியும் வாங்கிக் குடுங்கோ, கண் களைப்புப் பாதி குறையும்.

மைல்கல் | யூன் 16, இரவு 9.00

பாதி எண்டதை எடுத்துவிடுங்கோ, அதுக்கு அளவு ஒண்டும் இல்லை. குறையும்.

சில்லுக்கட்டை | யூன் 23, காலை 11.30

ரெண்டு றைவர் போட்டா முடிஞ்சுதே?

மைல்கல் | யூன் 23, இரவு 8.15

பாதிதான் முடியும். ஓடுற லொறியிலை இருந்தபடி கொள்ளுற நித்திரை படுக்கை நித்திரையின்ரை தரத்திலை இல்லை. ரெண்டு பேரும் பகல் முழுக்கப் பெட்டி ஏத்தினா, களைச்ச ரெண்டு பேர் மாறி மாறி ஓடுறதாத்தான் முடியும். ரெண்டாவது ஆள் ஏத்துற இடத்துக்கு வரவே கூடாது, வீட்டிலை படுத்துப்போட்டு வந்து ஏறவேணும். மாறுறது அநுராதபுரத்திலை.

கிளீனர் எண்டா அவரும் களைச்ச ஆள்தான். ஆனா அவருக்கு ஒரு அதிகாரத்தைக் குடுக்கலாம்: நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்ட வேணும், ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கப்படாது. என்னத்தைப் பாக்கிறது எண்டு சொல்லிக் குடுங்கோ. கொட்டாவி அடுத்தடுத்து வரும். டிம் பண்ண மறப்பார். வெள்ளைக்கோட்டை மிதிச்சுப் பிந்தித் திருப்புவார். கியர் பிழைக்கும். இப்ப என்ன ஊர் கழிஞ்சது எண்டு கேட்டா யோசிப்பார். தலை ஒருக்கா விழுந்தா அது முன்னறிவிப்பு இல்லை, நித்திரை வந்து போனது.

மைல்கல் | யூலை 2, இரவு 10.00

புதுச் சாமான் வாங்காமல், இருக்கிற ஜிபிஎஸ்ஸிலை பாக்கக் கூடியது. வேகக் கோட்டை நடுச்சாமத்துக்குப் பிறகு விரிச்சுப் பாருங்கோ. முழிப்பான ஆளின்ரை கோடு நேரா வரும். கண் சொருகிற ஆளின்ரை கால் தளரும், திடுக்கிட்டு அமத்தும்: 60, 48, 63, 50. வெறும் நேர் றோட்டிலை அப்பிடி அலை வந்தா அடுத்த நாள் அவரோடை கதையுங்கோ. ஏசுறதுக்கு இல்லை, முதல்நாள் எத்தினை மணிக்குப் படுத்தவர் எண்டு கேக்க. ஏசினா ஜிபிஎஸ் வயர் அடுத்த ஓட்டத்திலை கழண்டிருக்கும்.

கமரா வேண்டாம் எண்டு நான் முதலிலை தள்ளினது கொஞ்சம் கூடிப்போச்சு. கண்ணிமையைப் பாக்கிற கமரா கடைசி மதிலா நல்லது. ஆனா அது கத்துற நேரம் நித்திரை தொடங்கியாச்சு. கத்தினா என்ன செய்யிறது எண்டு முதலே முடிவு வேணும்: முதல் சத்தத்துக்கு அடுத்த வெளிச்சமான இடத்திலை நிப்பாட்டு. அந்தச் சட்டம் இல்லாமல் வாங்கினா றைவர் ஒரு கிழமையிலை அதுக்கு மேலை துணி போடுவார்.

அதோடை காசு. ஒரு நடைக்கு, அதாவது ஒரு ஓட்டத்துக்கு, இவ்வளவு எண்டு குடுத்து, பிந்தினா வெட்டுற முறை இருக்கும்வரை மேலை எழுதினது ஒண்டும் நிக்காது. நடைக்காசு அப்பிடியே இருக்கட்டும், பிந்தினதுக்கு வெட்டு வேண்டாம், நிண்ட 45 நிமிசத்துக்குச் சாப்பாட்டுக்காசு குடுங்கோ.

வெள்ளைப்பெட்டி | ஓகஸ்ற் 11, காலை 9.30

நல்லூர்த் திருவிழா நடக்குது, பகலிலை படுக்கிற றைவர்மாருக்குச் சத்தம் கூடின காலம். தகரக் கூரை அறையிலை மத்தியானம் படுக்க ஏலாது. ஓட்டுக் கூரை இல்லாட்டி மரநிழல் உள்ள அறை, யன்னலுக்குத் தடிச்ச துணி, பேசும் சத்தத்தை மறைக்க மின்விசிறி, ஃபோனை வேறை ஆளிட்டை. வீட்டுக்காரர் அவரைக் கடைக்கு அனுப்பாமல் விட்டாலே பெரிய உதவி. நித்திரை வர எண்டு ஒரு கிளாஸ் அடிக்கிறது கெதியாக் கண்ணை மூடும், ரெண்டு மணித்தியாலத்திலை எழுப்பிவிடும்.

வெங்காயச்சாக்கு | ஓகஸ்ற் 18, இரவு 9.10

மாத்தியாச்சு. ஏத்துறதுக்கு ரெண்டு பேர். றைவர் 2 தொடக்கம் 4 வரை படுக்கிறார். 4.15க்கு வெளிக்கிடு, முறிகண்டி 10 நிமிசம், அநுராதபுரம் 45, சிலாபம் 15. சந்தை 2.30க்குள்ளை. பிழை இருந்தாச் சொல்லுங்கோ.

மைல்கல் | ஓகஸ்ற் 18, இரவு 10.45

போற பக்கம் சரி. திரும்புற பக்கம் வெறுமையாக் கிடக்கு. இந்த இழையிலை நானும் இவ்வளவு நாளும் போறதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறன், அது பெரிய பிழை.

2.30க்குப் போய் இறக்கி முடிய 4 மணி. கபினிலை 7 வரை படுத்து, புறக்கோட்டையிலை சாமான் ஏத்தி, 11 மணிக்கு வெளிக்கிட்டா புத்தளத்துக்கு 2 மணி. மூண்டு மணித்தியால நித்திரையோடை, மத்தியானத் தாழ்வுக்கு நடுவிலை, வெய்யிலுக்கை. சந்தை அவசரம் இல்லை, கூட ஆள் இல்லை, ஒருத்தரும் ஃபோன் எடுத்துக் கேக்கிறதும் இல்லை. போகேக்கை பயத்திலை முழிச்சிருந்த மனிசன் வரேக்கைதான் விழுவார்.

பேலியகொடைப் பக்கம் விசிறியோடை ஒரு அறை எடுங்கோ. 4.30 தொடக்கம் 11.30 வரை படுக்கை. ஏத்துறதை அங்கையும் வேறை ஆக்கள் செய்யட்டும். பின்னேரம் 3 மணிக்கு வெளிக்கிட்டா, அநுராதபுரத்திலை 45 நிமிசம் நிண்டும் 1 மணிக்கு முதல் வீடு. அடுத்த நாள் அவருக்கு ஓட்டம் இல்லை. அப்ப வாரத்துக்கு ஒரு றைவருக்கு ரெண்டு நடைதான் வரும், மூண்டாவதுக்கு இன்னொருத்தரைப் பிடியுங்கோ.

வெங்காயச்சாக்கு | ஓகஸ்ற் 19, காலை 6.05

அறைக்கு ஆள் பாக்கச் சொல்லியிருக்கிறன் அண்ணை. தம்புள்ளை லொறியின்ரை நேரத்தையும் எழுதி இண்டைக்கு இரவு போடுறன்.

மைல்கல் | ஓகஸ்ற் 19, காலை 6.30

போடுங்கோ. றைவர் எழும்பின நேரத்தை முதல் வரியிலை எழுதுங்கோ.